வீட்டுக் கோழிக்கொட்டகைக்கு வெயிலிலிருந்து காற்றும் கதகதப்பும்

கூரையில் ஒரு சோலார் தகட்டை மாட்டிவிட்டால் கோடையில் காற்றும் குளிரில் சூடும் தாமாகவே வந்துவிடும் என்று எண்ணித்தான் பலரும் இந்த வேலையில் இறங்குகிறார்கள். முதலாவது அநேகமாக அப்படியே நடக்கும், இரண்டாவது நடக்காது. கோழிக்கு விசிறி தேவைப்படுவது வெயில் கொளுத்தும்போது. தகடும் அந்த நேரத்தில்தான் நிறைய மின்சாரம் தருகிறது. சூடு தேவைப்படுவதோ வெயில் போன பிறகு, அதிலும் விடியலுக்கு முந்தைய சில மணி நேரங்களில். ஆகவே காற்றுக்குத் தகடும் விசிறியும் ஏறக்குறையப் போதும். சூட்டுக்குச் சேமிப்பு வேண்டும். இந்த அமைப்பிலேயே விலை கூடியதும் விரைவில் வலுவிழப்பதும் பேட்டரிதான் என்பதால், வெப்பத்தை வெப்பமாகவே சேமித்துவைத்து, அது போதாத நேரத்துக்கு மட்டும் மின்சாரத்தை நாடுவதே கட்டுப்படியாகும் என்பது என் கருத்து. கீழே சொல்லப்படும் அளவுகள் எல்லாம் இந்தக் கணக்கில் அமைந்தவை.

எடுத்துக்கொண்டிருப்பது தமிழ்நாட்டுச் சமவெளியில், வீட்டுக் கொல்லையில் 20 நாட்டுக்கோழிகள் இரவில் அடையும் கொட்டகை: 8 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி உயரம். அவ்வப்போது அதன் ஒரு மூலையில், தடுப்புக்குள், தாயில்லாத 25 குஞ்சுகள் வளரும் என்று வைத்துக்கொள்வோம். ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் போன்ற குளிர் ஊர்களுக்கு வேண்டியதைக் கடைசியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

கோழிக்கு உண்மையில் வேண்டியது என்ன

கோழியின் உடல் வெப்பநிலை 41 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அதற்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. காற்றின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும்போது அலகைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடலைக் குளிர்விக்கிறது. இறக்கையை உடலிலிருந்து விலக்கி வைத்துக்கொள்கிறது. தீவனத்தைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுகிறது. தொடர்ந்து மூச்சிரைப்பதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, முட்டை ஓடு மெலிந்துபோகிறது. காற்றோட்டமில்லாத தகரக் கொட்டகையில் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் ஏறினால் கோழிகள் சாகவும் கூடும். உடல் பெருத்த கோழிகள்தான் முதலில் விழும்.

குளிர் விஷயம் வேறு. இறகு முளைத்து முடிந்த கோழிக்குச் சமவெளியின் எந்த இரவும் தாங்க முடியாத குளிர் அன்று. அது உலர்ந்த இடத்தில், நேரடியாக உடலில் படும் வாடைக்காற்று இல்லாமல் பரண்கம்பில் உட்கார்ந்திருந்தால் போதும். இறகை உப்பவைத்துத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் கோழியைக் கெடுப்பது ஈரமும் அம்மோனியாவும்தான். ஒரு கோழி நாளொன்றுக்குக் கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குடிக்கிறது. அதில் பெரும்பகுதி மூச்சு வழியாகவும் எச்சம் வழியாகவும் கொட்டகைக்குள்ளேதான் வந்து சேர்கிறது. மார்கழி வந்தவுடன் நாற்புறமும் கோணியையும் தார்பாயையும் கட்டி அடைத்துவிடும் வழக்கம் இந்த ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கிறது. சளி, கண்வீக்கம், மூச்சில் கரகரப்பு என்று பின்னால் வருவனவற்றில் பல இங்கேதான் தொடங்குகின்றன.

காலையில் கதவைத் திறந்தவுடன், நின்ற நிலையில் அல்லாமல், கோழி நிற்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். மூக்கில் காரம் ஏறினாலோ கண் எரிந்தாலோ இரவுக் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். அம்மோனியா மனித மூக்குக்குத் தெளிவாகத் தெரியும் அளவே, காற்றில் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு அருகில் வந்துவிட்ட நிலை. 25 பங்கு கோழியின் மூச்சுக்குழாய்க்குத் தீங்கு தொடங்கும் அளவாகக் கருதப்படுகிறது.

தகடு வாங்கும் முன்

கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும்; அப்போதுதான் காலை, மாலை வெயில் குறுகிய சுவர்களில் மட்டும் விழும். கூரை இறவாணம் மூன்று அடியாவது வெளியே நீண்டிருந்தால் சாரலும் உச்சி வெயிலும் உள்ளே வராது. கூரை தகரமோ சிமெண்ட் ஷீட்டோ என்றால் அதன் மேல் தென்னங்கீற்றைப் பரப்புவதோ வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதோ முதல் வேலை. உள்ளே இறங்கும் வெப்பத்தைத் தடுக்காமல் விசிறியை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போன்றது. கூரை முகட்டில் நான்கு அங்குல இடைவெளி விட்டு, அதன் மேல் மழை புகாத தொப்பி வைத்தால் சூடான காற்று மின்சாரமே இல்லாமல் மேலே ஏறி வெளியேறும். எல்லாத் திறப்புகளிலும் அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ் அடிக்க வேண்டும். கீரிக்கும் மரநாய்க்கும் சாதாரணக் கோழிவலை ஒரு தடையே அன்று.

விசிறி: எங்கே, எவ்வளவு

இங்கே பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். நான்கு பக்கமும் வலை அடித்த திறந்த கொட்டகையில் காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் விசிறியைப் பொருத்துவதில் பயனில்லை. அது தனக்கு மிக அருகிலுள்ள வலையின் வழியாகக் காற்றை இழுத்து அப்படியே வெளியே தள்ளும். கோழிகள் நிற்கும் இடத்தில் ஓர் இறகுகூட அசையாது. திறந்த கொட்டகைக்கு வேண்டியது கோழிகளின் மீது காற்றை வீசும் விசிறி. இரவில் பலகையோ சுவரோ கொண்டு மூடப்படும் கொட்டகைக்குத்தான் எக்ஸாஸ்ட் விசிறி பொருந்தும். அங்கேயும் அது, வெளிக்காற்று வந்து மோதும் சுவருக்கு எதிர்ச்சுவரின் உச்சியில் இருக்க வேண்டும். உள்ளே வரும் காற்றுக்கான திறப்பு நேரெதிர்ச் சுவரில் இருக்க வேண்டும். விசிறி மேற்கே இருந்தால் கதவு, சன்னல் என்று மற்ற திறப்புகள் அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது.

அளவைக் கணக்கிட எளிய வழி: கடும் கோடையில் கொட்டகைக்குள் உள்ள காற்று முழுவதும் நிமிடத்துக்கு ஒரு முறை மாற வேண்டும் என்று கொள்ளுங்கள். நம் கொட்டகையின் கொள்ளளவு 8 × 6 × 6, அதாவது 288 கன அடி. ஆகவே நிமிடத்துக்கு 300 கன அடி தள்ளும் விசிறி வேண்டும். விசிறியின் மீது சி.எஃப்.எம். என்று அச்சிட்டிருக்கும் எண் இதுதான். ஆனால் அது எதிரே தடையே இல்லாத நிலையில் அளந்த எண் என்பதால், வலையும் தூசியும் சேர்ந்த பின் அதில் கால் பங்கோ அதற்கு மேலோ குறையும். எனவே 400க்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். 12 வோல்ட்டில் ஓடும் பி.எல்.டி.சி. வகை (தூரிகையில்லா மோட்டார் கொண்ட) விசிறி இந்த வேலையை ஏறத்தாழ 25 வாட்டில் முடித்துவிடும். கணினிப் பெட்டியிலிருந்து எடுத்த சிறு விசிறிகள் மலிவு. ஆனால் ஒன்று தள்ளுவது 60 முதல் 80 கன அடிதான், தூசியும் இறகுத்துகளும் ஏறினால் அதுவும் இல்லை. அவற்றை இரவு நேர மெல்லிய காற்றோட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வரம்பையும் அறிந்திருக்க வேண்டும். வெளிக்காற்றே 39, 40 டிகிரியை எட்டும் நாளில், கோழியின் உடலுக்கும் காற்றுக்கும் வெப்ப வேறுபாடு இல்லாமல் போவதால், விசிறி வெறும் அனலைத்தான் வீசும். கரூர், வேலூர்ப் பக்கத்து அக்கினி நட்சத்திர நாள்களில் இது வழக்கமாக நேர்வது. அப்போது காற்று வரும் பக்கத்தில் நனைத்த கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு அதன் வழியாக உள்ளே இழுக்க வேண்டும்; உலர்ந்த உள்மாவட்டங்களில் இதனாலேயே பல டிகிரி குறையும். கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் மிகுதி என்பதால் இந்த வித்தை அவ்வளவாக எடுபடாது. அங்கே வேகமான காற்றும் குளிர்ந்த குடிநீரும்தான் வழி.

விசிறி தானாக ஓடவும் நிற்கவும் டபிள்யூ1209 என்ற பெயரில் மின்னணுப் பொருள் கடைகளில் விற்கும் 12 வோல்ட் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுப் பலகை போதும், விலையும் குறைவு. அதன் பி0 அமைப்பைக் குளிர்விப்பதற்குரிய ‘சி’ நிலையில் வைத்து, வெப்பத்தை 29 டிகிரிக்கு நிறுத்துங்கள். அதோடு வரும் உணர்முனையைப் பரண்கம்பின் உயரத்தில், கோழி கொத்தாதபடி ஒரு துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்துப் பொருத்த வேண்டும். கூரைக்கு அடியில் கட்டினால் விசிறி ஓயாமல் ஓடும். விசிறிக் காற்றின் நேர்பாதையில் கட்டினால் தேவை தீருமுன் நின்றுவிடும்.

தகடு, பேட்டரி, கம்பி

கோடைப் பகலுக்கு மட்டும் என்றால் பேட்டரியே தேவையில்லை. 25 வாட் விசிறிக்கு 50 வாட் தகட்டை நேரடியாக இணைத்துவிடலாம்; வெயில் ஏற ஏற விசிறியும் வேகமெடுக்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: 12 வோல்ட் தகடு என்று விற்கப்படுவது சுமை இல்லாதபோது 21 வோல்ட் வரை தரும், சுமையோடும் 18 வோல்ட்டுக்கு அருகில் நிற்கும். விசிறியின் மீது 12 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால், மின்னழுத்தத்தைக் குறைத்து நிலைநிறுத்தும் சிறு கன்வெர்ட்டர் பலகையை இடையில் வைக்காவிட்டால் அது நாளடைவில் எரிந்துபோகும்.

இரவு விசிறியும் குஞ்சுகளுக்கான சூடும் சேரும்போதுதான் பேட்டரி வருகிறது. நம் கொட்டகையின் இரவுக் கணக்கு இது: 5 வாட் சிறு விசிறி 10 மணி நேரம் ஓட 50 வாட்-மணி, கீழே சொல்லப்போகும் 30 வாட் சூடேற்றி விடியற்காலையில் 5 மணி நேரம் எரிய 150, ஆக 200 வாட்-மணி. 42 ஆம்பியர்-மணி கொண்ட 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியில் 504 வாட்-மணி இருந்தாலும், அதில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். ஆகவே பயன்படுத்தத்தக்கது 250. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 80 விழுக்காடு வரை இறக்கலாம் என்பதால் 25 ஆம்பியர்-மணியே போதும். முதல் செலவு கூடுதல், ஆயுளும் கூடுதல். தகட்டில் 100 வாட் இருந்தால் தமிழ்நாட்டு வெயிலில் இழப்பெல்லாம் போக நாளுக்கு 400 வாட்-மணி எதிர்பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதை எதிர்பார்க்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் தொடர்ந்து மூன்று நாள் வானம் மூடினால் இந்த பேட்டரி இரண்டாம் இரவே கைவிரித்துவிடும். அதற்காக இரண்டு மடங்கு பேட்டரி வாங்குவதைவிட, வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றும் ஒரு சார்ஜரை வைத்துக்கொள்வது மேல்.

தகட்டைத் தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்வில் வையுங்கள். நம் அட்சரேகைக்கு அதுவே ஏற்றது, மழையும் தூசியைக் கழுவிச் செல்லும். கூரையில் வைத்தால் தகட்டுக்கும் கூரைக்கும் இடையே ஐந்தாறு அங்குல இடைவெளி விடுங்கள்: தகடு சூடாக ஆக அதன் உற்பத்தி குறையும், மேலும் அந்த இடைவெளியோடு தகடே கூரைக்கு நிழலாகவும் அமையும். கீற்றுக் கூரையில் தகட்டைக் கட்டவே கூடாது. தீ அபாயம் ஒருபுறம், ஆடிக்காற்று மறுபுறம். தனியே ஒரு கம்பத்தில் நிறுத்துவதே சரி. தென்னை மட்டையின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும் மொத்த உற்பத்தியும் சரிந்துவிடும். தாழ்வாக வைத்தாலோ, சேவல் அதன் மேல் ஏறி நின்றுதான் கூவும். பிறகு தினமும் எச்சத்தைக் கழுவ வேண்டியதுதான்.

தகட்டுக்கும் பேட்டரிக்கும் இடையே நின்று சார்ஜை ஒழுங்குபடுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணைத்து, பிறகுதான் தகட்டை இணைக்க வேண்டும். கழற்றும்போது தகடு முதலில். பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும். பேட்டரியையும் கன்ட்ரோலரையும் கொட்டகைக்குள் வைக்காதீர்கள். அம்மோனியா இணைப்புகளை அரிக்கும், ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனை வெளியிடும். வெளிச்சுவரில் காற்றோட்டமுள்ள ஒரு மூடிய பெட்டி போதும். 12 வோல்ட்டில் கம்பியின் தடிமன் மிக முக்கியம். பத்து மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்தால் 25 வாட் விசிறிக்கு அரை வோல்ட்தான் குறையும். அதே கம்பியில் 100 வாட் சூடேற்றியை இணைத்தால் இரண்டு வோல்ட் வழியிலேயே போய்விடும். கம்பி முழுவதும் பி.வி.சி. குழாய்க்குள் செல்லட்டும், எலிக்காக.

குஞ்சுகளுக்குச் சூடு

குஞ்சுக்கு முதல் வாரத்தில் 35 டிகிரி வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். சமவெளியில் சித்திரை, வைகாசியில் பொரித்த குஞ்சுக்குப் பகலில் எதுவும் தேவைப்படாது; தை மாதக் குஞ்சுக்கு நான்கு வாரம் வரை இரவுச் சூடு வேண்டியிருக்கும். வழக்கமான கணக்கு குஞ்சுக்கு 2 வாட். 25 குஞ்சுகளுக்கு 50 வாட், 12 மணி நேர இரவுக்கு 600 வாட்-மணி. இதை பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டுமானால் 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியும், அதை நிரப்ப ஏறத்தாழ 200 வாட் தகடும் வேண்டும், ஆண்டில் சில வாரங்களுக்காக. (அடைக்கோழி ஒன்று இருந்தால் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளைச் செலவில்லாமல் அதுவே காக்கும். இந்தப் பகுதி தாயில்லாத குஞ்சுகளுக்கு.)

இதற்குச் சிக்கனமான வழி வெந்நீர். வீட்டு மாடியில் சூரிய வெந்நீர்க் கலன் இருந்தால், மாலையில் அதிலிருந்து 60 டிகிரி நீரை இரண்டு ஐந்து லிட்டர் கேன்களில் பிடித்து, மூடியை இறுக்கி, கோணிச்சாக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி, குஞ்சுப் பெட்டியின் நடுவில் வையுங்கள். அந்த 10 லிட்டர் நீர் 60இலிருந்து 35 டிகிரிக்கு ஆறும்போது ஏறத்தாழ 290 வாட்-மணி வெப்பத்தைக் கொடுக்கிறது, அதாவது நம் இரவுத் தேவையில் கிட்டத்தட்டப் பாதி. படுக்கப் போகும் முன் ஒரு முறை நீரை மாற்றினால் மறுபாதியும் வந்துவிடும். இரண்டாம் முறை வைத்த நீர் ஆறத் தொடங்கும் விடியற்காலையில்தான் 30 வாட் சூடேற்றி வேலைக்கு வரும். அதற்கு இன்னொரு டபிள்யூ1209 பலகையை, இம்முறை சூடேற்றுவதற்குரிய ‘எச்’ நிலையில் வைத்துப் பயன்படுத்தலாம். வெந்நீர்க் கலன் இல்லாதவர்கள் கறுப்பு வண்ணம் அடித்த கேன்களை வெயிலில் வைத்தால் அந்தச் சூடு வராது. நீர் 45 டிகிரியைத் தாண்டுவது அரிது. அப்படியானால் அடுப்பில் சுடவைத்து ஊற்றுவதே நடைமுறைக்கு உகந்தது.

பெட்டியின் மேற்புறத்தில் முக்கால் பங்கை அட்டையாலோ தெர்மகோலாலோ மூடி, கால் பங்கைத் திறந்து விடுங்கள். தெர்மகோலைக் குஞ்சு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும், எட்டினால் தின்றுவிடும். சூடேற்றியாகப் பீங்கான் உமிழியோ (வெளிச்சமின்றிச் சூடு மட்டும் தரும் குமிழ்) தட்டு வடிவச் சூடேற்றியோ வாங்கலாம். எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தரும், சூடு தராது. எந்தச் சூடேற்றியானாலும் கயிற்றை நம்பாமல் கம்பியில் தொங்கவிடுங்கள். உமியும் நிலக்கடலைத் தோலும் பரப்பிய தரையில் சூடான பொருள் விழுந்தால் கொட்டகையே மிஞ்சாது. மண்பானையில் கரி நெருப்பு வைக்கும் பழைய முறையை மூடிய அறையில் கையாள வேண்டாம்; கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையில்லை.

அளவு சரியா என்பதை வெப்பமானியைவிடக் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும். கேனைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு கீச்சிட்டால் குளிர்; ஓரத்துக்கு ஒதுங்கி இறக்கையை விரித்துக்கொண்டு கிடந்தால் சூடு அதிகம்; எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று புகுகிறது. பரவலாகப் படுத்திருந்தால் தொடாமல் விட்டுவிடலாம்.

மலை ஊர்களுக்கு

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊர். மார்கழி, தையில் அங்கே உறைபனி விழுகிறது. அங்கும் வளர்ந்த கோழிக்கு மின்சூடு தேவையில்லை. ஆனால் பகல் வெயிலின் சூட்டை உள்ளே கொண்டுவந்தால் கூளம் உலர்ந்திருக்கும், முட்டையும் குறையாது. குளிர்காலப் பகலில் அங்கே வானம் தெளிவாக இருப்பது இதற்கு வசதி.

தெற்குச் சுவரை ஒட்டி, 6 அடிக்கு 2 அடி அளவில், நான்கு அங்குல ஆழமுள்ள ஒரு மரப்பெட்டி செய்யுங்கள். உள்ளே கறுப்பு மேட் வண்ணம் அடித்த தகரம், மேலே கண்ணாடி, பின்புறம் தெர்மகோல். தெர்மகோல் சூட்டில் உருகாதபடி அதற்கும் தகரத்துக்கும் இடையே பிளைவுட் வேண்டும். பெட்டியைத் தரையிலிருந்து 40 டிகிரி அளவில் சாய்த்து வைத்தால் மார்கழி வெயில் அதில் ஏறக்குறைய நேராக விழும். கொட்டகையின் தரையோரக் குளிர்ந்த காற்று பெட்டியின் கீழ்த்துளை வழியாக நுழைந்து, சூடாகி, மேல்துளை வழியாகக் கொட்டகைக்குள் திரும்பும். மேல்துளையில் 5 வாட் விசிறியும் அதற்கென 10 வாட் தகடும் வைத்தால் வெயில் இருக்கும்போது மட்டும் தானாக ஓடும். அதே பரப்பளவுள்ள சோலார் தகடு விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். இந்தப் பெட்டி நன்றாகச் செய்யப்பட்டால் அதைப்போல் இரு மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும், செலவும் குறைவு.

பிடித்த வெப்பத்தை இரவுக்கு நிறுத்த, சூடான காற்று வந்து விழும் இடத்தில் 20 லிட்டர் நீர்க் கேன்கள் பத்தைச் சுவரோரம் அடுக்குங்கள். 200 லிட்டர் நீர் 10 டிகிரி ஆறினால் 2.3 யூனிட் வெப்பம் வெளிப்படும். அது 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரி முழுவதும் கொள்ளும் ஆற்றலுக்குச் சமம். இந்தப் பெட்டி ஒரு பகலில் தருவது முழுவதும் நீரில் சேராது என்பதால், நீர் நான்கைந்து டிகிரிதான் ஏறி இறங்கும். வீடுபோல் கதகதப்பாக ஆகாது. விடியற்காலை உறைபனிக் குளிர் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளும், குடிநீர்ப் பாத்திரமும் உறையாது.

மாலையில் வெயில் தணிந்தவுடன் பெட்டியின் இரண்டு துளைகளையும் பலகையால் மூட வேண்டும். மூட மறந்தால் இரவில் ஓட்டம் திரும்பிவிடும்: கண்ணாடியில் குளிர்ந்த காற்று கீழ்த்துளை வழியாகக் கொட்டகைக்குள் இறங்கும், உள்ளே உள்ள சூடு மேல்துளை வழியாகப் பெட்டிக்குள் ஏறி வெளியே வீணாகும். மேல்துளையின் உட்புறத்தில் ஒரு மெல்லிய பாலித்தீன் தாளை மேல்விளிம்பில் மட்டும் ஒட்டித் தொங்கவிட்டால், பகலில் விசிறிக் காற்று அதைத் தள்ளித் திறக்கும். விசிறி நின்றதும் அது தானே விழுந்து மூடிக்கொள்ளும். முகட்டு இடைவெளியை மட்டும், உறைபனி விழும் இரவிலும், திறந்தே வையுங்கள்.